பல்பொடி டப்பாவில் ஏழு துண்டுகள்

ஆம்பூர்
20-3-1960

தம்பி நந்தகோபாலுக்கு அண்ணி சௌந்தரம் எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ சுகமாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்தாயா, அங்கே குளிருக்குக் கம்பளி இருக்கிறதா என்று எழுது. காரியத்தன்று இலையில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டாய் என்று எதிர்வீட்டு ராஜம்மாள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் அண்ணன் போய் இன்றோடு இருபத்தாறு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். சின்ன முதலாளி முனீர் அகமது சீமையிலிருந்து கொண்டுவந்தாரே, பொம்மை ஏரோப்ளேன், அதன் இஞ்சினைச் சுத்தம் பண்ணித் தரச் சொல்லி ஜனவரியில் உன் அண்ணனிடம் கொடுத்தார். உனக்குத் தெரியும், பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கூடத்தில் பேப்பர் விரித்துப் பிரித்துப் போட்டிருந்தது. அது அப்படியே பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. பூட்டுவதற்குள் அவர் போய்விட்டார்.

"பரவால்லம்மா, அப்படியே குடுத்துடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்கிறார் முனீர். நல்ல மனுஷன்தான். ஆனால் தோல் ஃபேக்டரியில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "இருபத்திரண்டு வருஷ ஃபிட்டர், ஒரு பொம்மை இஞ்சினைப் பூட்டத் தெரியாமப் போய்ட்டான்." இதைத் தண்ணீர்க் குழாயடியில் என் காதால் கேட்டேன். கனகராஜ் பிரித்ததைப் பிரித்தபடி நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன். ஓடுகிற இஞ்சினாகத்தான் கொடுப்பேன். தீபாவளிக்குள் ஃபேக்டரி கொடுத்த இந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடியாத்தத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். அதற்குள் முடியவேண்டும்.

நீ ஏர்ஃபோர்ஸ் மெக்கானிக். எப்படிப் பூட்டுவது என்று எழுது. நான் செய்கிறேன்.

அண்ணி,
சௌந்தரம்


பெங்களூர், ஜாலஹள்ளி
4-4-1960

மதிப்பிற்குரிய அண்ணிக்கு நந்தகோபால் வணக்கம். இங்கே நான் நலம். தங்கள் உடம்பையும் மனசையும் நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடவும்.

அண்ணி, இந்த இஞ்சின் விஷயத்தைப் போட்டு மனசை உழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அடுத்த லீவில் நானே வந்து பூட்டித் தருகிறேன். லீவு எப்போது என்றுதான் சொல்ல முடியவில்லை. நீங்கள் விடமாட்டீர்கள் என்றும் தெரியும். அதனால் இப்போதைக்கு டின்னில் இருக்க வேண்டிய உருப்படிகளை எழுதுகிறேன்.

கிராங்க் கேஸ், அதாவது உடம்பு. கிராங்க் ஷாஃப்ட், விசிறியைச் சுற்றுவது. கனெக்டிங் ராட், சுண்டுவிரல் பாதி நீளம் இருக்கும். பிஸ்டன். பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்லீவ். அதற்கு மேலே மூடுகிற ஹெட். ஹெட்டின் நடுவில் திருகுகிற பிளக், உள்ளே சுருள் கம்பி தெரியும். எண்ணெய் அளவு வைக்கிற நீடில். பின்மூடி. இடையில் வைக்கிற கேஸ்கெட் தாள் இரண்டு. திருகாணி பத்து.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவவும். பழைய விளக்கெண்ணெய் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், சுரண்டக்கூடாது. காய்ந்ததும் புது விளக்கெண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்கவும்.

முனீர் அகமது அவர்களைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள்,
நந்தகோபால்


ஆம்பூர்
12-4-1960

தம்பிக்கு,

கடிதம் வந்தது. நலம் விசாரித்ததற்கு நலமே. நாளை விடிந்தால் வருஷப்பிறப்பு. இந்த வீட்டில் எதுவும் இல்லை. ராஜம்மாள் மட்டும் ஒரு கிண்ணம் வேப்பம்பூப் பச்சடி கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னாள். நீ அங்கே மெஸ்ஸில் வடையாவது சாப்பிடு.

எல்லாம் கழுவிவிட்டேன். நீ எழுதிய பட்டியல்படி ஒவ்வொன்றும் இருக்கிறது. திருகாணி பத்தும் இருக்கிறது. உன் அண்ணன் அவற்றை நூலில் கோத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிஸ்டனின் வயிற்றில் குறுக்கே ஒரு ஓட்டை. ராடின் தலையிலும் ஓட்டை. இரண்டையும் சேர்ப்பது எது? நான் தறிக்காரன் வீட்டுப் பெண். இரண்டு ஓட்டை நேருக்கு நேர் இருந்தால் நடுவில் ஒன்று போகவேண்டும் என்று தெரியாதா? டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை. உன் பட்டியலிலும் இல்லை. விட்டுப்போயிற்றா?

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையை இன்றைக்குத்தான் துவைக்க எடுத்தேன். பையில் பல்பொடி டப்பா. திறந்தால் பல்பொடி இல்லை, ஏழு இரும்புத் துண்டு. ஒவ்வொன்றும் நெல்லைவிடக் கொஞ்சம் நீளம், பளபளவென்று இருக்கிறது. எல்லாம் ஒன்றுபோலத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. இது எதற்கு?

சௌந்தரம்


ஜாலஹள்ளி
25-4-1960

அண்ணிக்கு வணக்கம். இங்கே நலம், அங்கே நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். வெயில் ஜாஸ்தியாக இருக்கும், மத்தியானத்தில் வெளியே போகவேண்டாம்.

ஆமாம், பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று. அவசரத்தில் எழுதியது. அதற்கு கட்ஜன் பின் என்று பெயர். பிஸ்டனையும் ராடையும் சேர்ப்பது அதுதான். அது இல்லாமல் இஞ்சின் இல்லை. சரியான பின் என்றால் கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே போகவேண்டும், கவிழ்த்தால் தானாக விழக்கூடாது. அதுதான் சோதனை. ஒரு தலைமுடி அளவு கூடினாலும் நுழையாது, குறைந்தாலும் ஆடி ஆடிப் பிஸ்டனைக் கெடுத்துவிடும்.

வீட்டில்தான் எங்காவது இருக்கும். நன்றாகத் தேடிப் பார்க்கவும். பல்பொடி டப்பாவில் இருப்பவை அது அல்ல. வேறு ஏதோ மெஷினுக்கானவை, தடிமன் அதிகம். தூக்கிப் போட்டுவிடவும்.

அதுவரை கிராங்க் ஷாஃப்டை எண்ணெய் தடவி உடம்பில் நுழைத்து, சுற்றிப் பார்த்து வைக்கவும். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும்.

நந்தகோபால்


ஆம்பூர்
8-5-1960

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே கத்திரி வெயில். குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வெயில் அடிக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

தேடினேன். பாயை உதறினேன். அடுப்பு மூலை, அரிசிப் பானைக்கு அடி, அவர் செருப்பு எல்லாம் பார்த்தேன். இரண்டு நாள் வீட்டைப் பெருக்கிய குப்பையை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தேன். ராஜம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "இன்னாத்துக்கு அக்கா குப்பையைப் புடைக்கிறே?" என்று கேட்டாள். நல்ல நெல் கலந்துடுச்சு என்று சொல்லிவைத்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

நேற்று ஃபேக்டரி வாட்ச்மேன் அமீர் பாஷா வந்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த பதினைந்தாம் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் வைத்தியச் செலவுக்குப் பணம் கேட்டுக் குடியாத்தம் போயிருந்த நேரத்தில் அவர் எழுந்து ஃபேக்டரிக்குப் போயிருக்கிறார். "லீவு நாள்ல இன்னா வேலை கனகராஜ், உடம்பு நெருப்பா கொதிக்குதே" என்று பாஷா கேட்டாராம். "சின்ன முதலாளி ஸ்கூல் விழாவுல ஏரோப்ளேனை விடணும்ங்கறார், ஒரு சின்ன சாமான் செய்யணும், கதவைத் தொற" என்றாராம். உடைந்த டிரில் பிட்டின் காம்பை எடுத்துச் சின்ன லேத்தில் வைத்து ஐந்து மணி நேரம் கடைந்திருக்கிறார். நடுவில் இரண்டு தடவை தரையில் படுத்துக்கொண்டாராம். பாஷா தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

மத்தியானம் நான் திரும்புவதற்குள் வந்து படுத்தவர்தான். திங்கட்கிழமை வேலூர் கொண்டுபோனோம். செவ்வாய் முடிந்துவிட்டது. டைபாய்டு, குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். "அசையாமப் படுத்திருக்க வேண்டிய நோய் அம்மா, எழுந்து நடமாடினாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு அப்போது தெரியாது.

கிராங்க் ஷாஃப்டை நுழைத்துவிட்டேன். தடங்கல் இல்லாமல் சுற்றுகிறது. அடுத்தது என்ன செய்யவேண்டும்?

சௌந்தரம்


ஆம்பூர்
19-6-1960

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். இரண்டு வரி எழுதினால் போதும்.

இஞ்சினைத் துணியில் சுற்றி அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். தூசி ஏறாது.

சௌந்தரம்


ஜாலஹள்ளி
20-7-1960

அண்ணிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். டிரேடு டெஸ்ட் இருந்தது, பிறகு டியூட்டி மாறிவிட்டது. அமீர் பாஷா சொன்னதைப் படித்தேன்.

அந்தப் பின் இனிக் கிடைக்காது என்று தோன்றுகிறது. முனீர் அகமதுவிடம் அப்படியே கொடுத்துவிடவும். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். தயவுசெய்து இதை இத்துடன் விட்டுவிடவும் அண்ணி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நந்தகோபால்


ஆம்பூர்
14-8-1960

தம்பிக்கு,

கார்டு வந்தது. டெஸ்டில் பாஸா? எழுதவில்லையே. பாஸாகியிருப்பாய்.

விட்டுவிடு, விட்டுவிடு என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எதை விடுவது? என்னிடம் இருப்பதே இந்த ஒரு டின்தான்.

போன வாரம் முனீர் வந்தார். வீடு எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்கத் தயங்கிக்கொண்டு நின்றார். டீ போட்டுக் கொடுத்தேன். நான் அவரிடம், "ஒரு பின் காணோம் சின்ன முதலாளி, கிடைச்சதும் பூட்டிக் குடுத்துடறேன்" என்றேன். அவர், "தெரியும்மா, கனகராஜே சொன்னாரே" என்றார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "பிப்ரவரியில சொன்னார். பின் என் கையால தொலைஞ்சுபோச்சு சின்ன முதலாளி, தப்பு என்னுது, நானே வேற செஞ்சு போட்டுத் தர்றேன்னார். ஃபிட்டிங் ஷாப்ல எல்லார் முன்னாடியும் சொன்னார். நான்தான் பரவால்லன்னேன்" என்றார்.

தம்பி, இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு வாஷரைத் தொலைத்தவர் இல்லை. உனக்கே தெரியும். தோல் சீவுகிற ஷேவிங் மெஷினைப் பிரித்தால் திருகாணிகளைக் கழற்றின வரிசைப்படி நூலில் கோத்து வைக்கிற மனுஷன். அவர் எல்லார் முன்னாலும் நின்று தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஷாப்பில் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள். கிழவனுக்குக் கண் மங்கிப்போச்சு என்கிறார்கள். நாற்பத்தாறு வயசு.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது டின் திறந்துதான் இருந்தது. முனீரும் உட்கார்ந்திருந்தார். நீ ராடை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினாய். "டேய், அதைத் தொடாதே, நீ பாக்கிறது யானை, இது எறும்பு" என்று உன் அண்ணன் சொன்னார். முனீர் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ எழுந்து பின்பக்கம் போய்விட்டாய். ராத்திரி ரயிலுக்கு நாங்கள் வழியனுப்ப வரும்வரை வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பின்னை நீ எங்காவது பார்த்தாயா? நன்றாக யோசித்துப் பார்த்து எழுது. அவசரமில்லை. தீபாவளிவரை இருக்கிறேன்.

அண்ணி,
சௌந்தரம்


ஜாலஹள்ளி
26-9-1960

அண்ணிக்கு வணக்கம். நான் நலம். இந்தக் கவரை ரிஜிஸ்டர் செய்து அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கவும்.

நீங்கள் கேட்டது பற்றி யோசித்தேன். ஞாபகம் இல்லை.

ஆனால் ஒரு நல்ல சேதி. இங்கே பழைய சாமான் கடை ஒன்றில் தேடியதில் அதே அளவு பின் ஒன்று கிடைத்தது. பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். இதைப் போட்டுப் பூட்டிவிடலாம். பிஸ்டன் தலையில் வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்கிறதல்லவா, அது புகை வெளியே போகும் ஓட்டைக்கு எதிர்ப்பக்கமாக இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் ஹெட்டில் இடிக்கும். பிறகு ஸ்லீவ் வழியாகப் பிஸ்டனை இறக்கி, ராடின் கால் கிராங்கில் மாட்டிக்கொண்டதா என்று பின்பக்கமாகப் பார்த்து, பின்மூடியைப் போடவும். திருகாணிகளை வரிசையாக முறுக்கக்கூடாது. ஒன்றுக்கு எதிரில் ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் ஓட்டத்தில் நீடிலைத் தாராளமாகத் திறந்துவைக்கச் சொல்லி முனீரிடம் சொல்லவும். எண்ணெய் ஜாஸ்தி போகட்டும்.

அண்ணன் பெயருக்கு இனி ஒரு குறையும் இருக்காது. இத்துடன் முடிந்தது என்று நினைக்கிறேன்.

நந்தகோபால்


ஆம்பூர்
12-10-1960

தம்பி நந்தகோபாலுக்கு,

ரிஜிஸ்டர் கவர் வந்தது. பின்னும் வந்தது.

இஞ்சின் ஓடிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு ஃபேக்டரி முற்றத்தில் ஒரு பலகையில் வைத்து முறுக்கினார் முனீர். அவரே எரிஎண்ணெய் ஊற்றி, பிளக்குக்கு பேட்டரி வைத்து, விசிறியை விரலால் தட்டினார். மூன்று தட்டில் பிடித்துக்கொண்டது. கைக்கடங்கின சாமானுக்கு அவ்வளவு சத்தம்! அமீர் பாஷா காதைப் பொத்திக்கொண்டார். ஃபிட்டிங் ஷாப் ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். முற்றம் முழுக்க விளக்கெண்ணெய்ப் புகை. எனக்குச் சந்தோஷம் வரும், இல்லை அழுகையாவது வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் வரவில்லை. காது மட்டும் வலித்தது.

"தொலைஞ்ச பின் கிடைச்சுதாம்மா?" என்று முனீர் கேட்டார். "இல்லை, உள்ளே இருக்கறது அவர் செஞ்சது" என்றேன். முனீர் இஞ்சினை நிறுத்திவிட்டு ஷாப் ஆட்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? கனகராஜ் காய்ச்சலோட கையால செஞ்சது. சீமையில செஞ்சதுக்கும் இதுக்கும் ஓட்டத்துல வித்தியாசம் தெரியுதா சொல்லுங்க" என்றார். ஒருத்தன் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். எனக்கு அது போதும்.

பல்பொடி டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்னாய். நான் போடவில்லை. நீ சோதனை எழுதிய கடிதம் வந்து, குப்பையெல்லாம் புடைத்து முடித்த மறுநாளே, ஏழையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்று நுழையவில்லை. இரண்டு ஆடியது. ஒன்று பாதியில் நின்றது. ஏழாவதைக் கட்டைவிரலால் தள்ளினேன், போயிற்று. கவிழ்த்தேன், விழவில்லை. அது சித்திரை மாசக் கடைசி. அன்றைக்கே நான் இஞ்சினைப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. ஐந்து மாசம் உனக்காக வைத்திருந்தேன்.

உன் பட்டியலில் அந்தப் பின் விட்டுப்போனது அவசரத்தினால் இல்லை. ஏரோப்ளேன் இஞ்சின் பார்க்கிறவன் அதை மறப்பானா? ஏழு துண்டையும் கண்ணால் பார்க்காமலே தடிமன் அதிகம் என்று எழுதினாய். நான் அளவே எழுதாத பின்னை நீ அதே அளவில் கடையில் வாங்கினாய். எனக்கே அதன் அளவு தெரியாது தம்பி.

உன் அண்ணனுக்குத் தெரியும். நீ ரயிலேறின மறுநாளே தெரியும். வேலூர் ஆஸ்பத்திரியில், திங்கட்கிழமை சாயங்காலம், நினைவு இருந்தபோது என்னிடம் சொன்னார். "பின்னைத் தம்பிதான் எடுத்துட்டுப் போய்ட்டான். முனீர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ அவனைக் கேக்காதே சௌந்தரம். அவனே குடுப்பான்." அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை. அது காய்ச்சல் பிதற்றலாக இருக்கட்டும் என்றுதான் குப்பைவரை புடைத்துத் தேடினேன்.

அவர் சொன்னபடியே, எடுத்தாயா என்று நான் உன்னைக் கேட்கவில்லை. பார்த்தாயா என்றுதான் கேட்டேன். ஞாபகம் இல்லை என்று எழுதினாய்.

உன்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். கோபம் வந்தாலாவது நன்றாக இருக்கும், வீட்டில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அதுவும் வரவில்லை. ஒரு விளையாட்டுக் கோபத்தில் எடுத்தாய், திருப்பித் தரக் கூச்சப்பட்டாய், அதற்குள் இப்படி ஆகிவிட்டது. அது எனக்குப் புரிகிறது. பாஷா சொன்னதை நான் எழுதின பிறகும் கடை என்று எழுதினாயே, அதுதான் புரியவில்லை.

நீ அனுப்பியதை அதே பஞ்சில் சுற்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இஞ்சினுக்கு இனி இது வேண்டாம். எனக்கும் வேண்டாம். முனீரிடம் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. தொலைத்தது உன் அண்ணன்தான் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். மாசியில் வருஷத் திவசம். வருவதானால் இதை எடுத்துக்கொண்டு ஆம்பூரில் இறங்கி, முனீர் கையில் நீயே கொடுத்து, யார் எடுத்தது என்று சொல்லிவிட்டு, அப்புறம் குடியாத்தத்துக்கு வா. உனக்கு இலை போடுவேன். சொல்ல முடியாவிட்டால் பெங்களூரிலேயே இரு, இதையும் நீயே வைத்துக்கொள்.

நாளை சாமான் ஏற்றுகிறேன். இனி எழுதுவதானால் குடியாத்தம் விலாசத்துக்கு எழுது, என் அண்ணன் வீடு உனக்குத் தெரியும்.

கவரைப் பிரிக்கும்போது மடியில் வைத்துப் பிரி. சின்னது. கீழே விழுந்தால் தேட வேண்டியிருக்கும்.

சௌந்தரம்